ஜப்பான் பள்ளிகளில் ஆசிரியர் வேலையை முடித்து விடைபெறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக?

ஜப்பானிய அரசுப் பள்ளிகளில் உதவி மொழி ஆசிரியராக, அங்கே எல்லோரும் சொல்வதுபோல் ஏஎல்டியாக, வேலை பார்த்துவிட்டு இந்த ஆண்டு கிளம்புகிறவர்களுக்காக. பெரும்பாலும், வெளிநாட்டு இளைஞர்களை வேலைக்கு வரவழைக்கும் ஜப்பான் அரசின் ஜெட் திட்டம் வழியாக வந்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். 1987-ல் நான்கு நாடுகளிலிருந்து வந்த 848 பேரோடு தொடங்கிய திட்டம் அது. இன்று இந்தியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் ஓராண்டுக்கு, புதுப்பித்துக்கொண்டே போனால் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. தனியார் ஏஜென்சி மூலம் பள்ளிக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நானும் ஒரு சிறிய ஊரில் நடுநிலைப் பள்ளியிலும் தொடக்கப் பள்ளிகளிலும் வேலை பார்த்துத் திரும்பியவள். கிளம்பும் நேரத்தில் நகராட்சி, வரி, வீடு, வண்டி என்று காகித வேலையே ஆளை விழுங்கிவிடும். அதையெல்லாம் முன்கூட்டியே முடித்தால்தான் கடைசி இரண்டு வாரத்தைப் பள்ளிக்கென்று ஒதுக்க முடியும். அந்த இரண்டு வாரம் அவ்வளவு முக்கியமா என்று கேட்டால், ஆமாம், மிக முக்கியம்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று எப்போது சொல்ல வேண்டும்?

ஜெட் ஆசிரியர்களிடம், ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் கல்வி வாரியத்தில் பொதுவாகப் பிப்ரவரித் தொடக்கத்தில் எழுத்தில் பதில் கேட்பார்கள். டிசம்பரிலேயே "அடுத்த வருஷம் எப்படி?" என்று பேச்சுவாக்கில் விசாரிப்பார்கள். முடிவு தெரிந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பதிலாக ஆள் கேட்டு மேலே எழுத வேண்டும், ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்குப் பட்ஜெட் போட வேண்டும், எல்லாமே அவர்கள் தலையில்.

முதலில் கல்வி வாரியத்தில் உங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, பிறகு பள்ளியின் துணை முதல்வர், அதற்குப் பிறகு உங்களோடு சேர்ந்து வகுப்பெடுக்கும் ஆங்கில ஆசிரியர் என்ற வரிசையில் சொல்லுங்கள். வரிசை மாறினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் துணை முதல்வர் இதை இன்னொருவர் வாயால் கேள்விப்படும்படி விடக் கூடாது. ஆசிரியர் அறையில் எல்லாவற்றையும் ஓடவைப்பவர் அவர்தான்.

மாணவர்களிடம் எப்போது சொல்வது?

பள்ளி சொல்லும்போது. இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஜப்பானில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார்கள். அந்தப் பட்டியல் மார்ச் கடைசியில் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் வரும். அதுவரை ஆசிரியர்கள் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் ஜூலையில் கிளம்பினாலும் அதே ஒழுங்கைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. பிடித்த ஆசிரியர் போவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இவர்கள். ஆண்டுதோறும் வசந்தத்தில் அழுது, மாலை போல நீளமாகக் கடிதம் எழுதி, பூங்கொத்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எப்படி விடைகொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் தெரியாமல் நிற்பது நாம்தான்.

கடைசி நாள் விழாவில் என்ன நடக்கும்?

ஜூலை 20-ஐ ஒட்டி முதல் பருவம் முடியும். அன்று பள்ளியின் உள்விளையாட்டு அரங்கில், அதாவது ஜிம்மில், நடக்கும் பருவ நிறைவு விழாவோடு உங்கள் பிரிவு விழாவையும் சேர்த்துவிடுவார்கள். மார்ச்சில் போகிறவர்கள், மாற்றலாகும் மற்ற ஆசிரியர்களோடு ரிநின்ஷிக்கி என்ற விழாவில் மேடையேறுவார்கள்.

நடைமுறை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். பிள்ளைகள் வகுப்பு வாரியாக முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிப் பாடல், முதல்வர் உரை. பிறகு உங்கள் பெயரைச் சொல்வார்கள். மேடையேறிக் குனிந்து வணங்கிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பேசுவீர்கள். மாணவர் பேரவையிலிருந்து ஒருவர் வந்து நன்றியுரை சொல்லிப் பூங்கொத்து தருவார். கடைசியில் எல்லோரும் கைதட்ட, வரிசைகளுக்கு நடுவே நடந்து வெளியே வருவீர்கள். ஜூலையில் அந்த ஜிம் அடுப்பு மாதிரி இருக்கும். கைக்குட்டை கட்டாயம், கண்ணுக்கும் உதவும்.

எங்கள் பள்ளியில் நன்றியுரை சொன்ன பெண், முதல் ஆண்டில் என் கண்ணைப் பார்த்துப் பேசவே தயங்கியவள். ஆங்கிலத்தில் எழுதிய தாளை எத்தனை முறை மடித்துப் பிரித்தாளோ, மடிப்புகள் துணிபோல் நைந்திருந்தன. மேடையில் அதைப் பிரித்தாள், ஆனால் ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கடைசி வரியை மட்டும் ஜப்பானிய மொழியில் சொன்னாள். அந்தத் தாளை என்னிடமே கொடுத்துவிட்டாள். விழா நேரத்தில் லீவு போட்டு ஊர் சுற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு குழந்தை உங்களுக்காக அப்படி ஒரு தாளைத் தயார் செய்துகொண்டிருக்கலாம்.

எனக்கு ஜப்பானிய மொழி சரியாக வராது. என்ன பேசுவது?

ஆங்கிலத்தில் பாதி, ஜப்பானிய மொழியில் பாதி என்று வையுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் அவர்களுக்குப் புரிகிறது என்று காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. அதனால் எளிய, சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள்.

பொதுவான நன்றியை விடக் குறிப்பான நினைவு நன்றாக எடுபடும். விளையாட்டு விழாவில் தொடரோட்டத்தில் விழுந்து எழுந்து ஓடிய வகுப்பு, பாட்டுப் போட்டிக்கு ஒரு மாதம் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போனவர்கள், மதிய உணவில் உங்கள் தட்டிலிருந்த பூசணிக்காயைத் தினமும் கேட்டு வாங்கிய பையன். இப்படி இரண்டு போதும். முடிவில் "ஹொன்தோ நி ஓசெவா நி நாரிமாஷ்தா" என்று சொல்லி நன்றாகக் குனிந்து வணங்குங்கள். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்பதாக அதை எடுத்துக்கொள்வார்கள். "மினா சான் நோ கொதோ வா வாசுரேமாசென்", உங்களை மறக்க மாட்டேன், என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுதியதை ஒரு ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். தாளைப் பார்த்துப் படிப்பதில் தவறே இல்லை.

கடைசி வகுப்பில் பாடமா, விளையாட்டா?

பாடம் கொஞ்சம், பேச்சு கொஞ்சம். முழு நேரமும் விளையாட்டு என்றால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் யாரிடமும் தனியாக ஒரு வார்த்தை பேச முடியாமல் மணி அடித்துவிடும். நான் செய்தது இது: கடைசி பத்து நிமிடம் ஒவ்வொரு மேசையாகப் போய், ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய சின்ன அட்டை கொடுத்தேன். பெயர் சரியாக இருக்க வேண்டும், கட்டாயம் வகுப்பாசிரியரிடம் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். தின்பண்டம் கொடுக்காதீர்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் மிகக் கவனமாகப் பார்த்துக்கொள்கின்றன, பொதுவாக அனுமதியும் கிடைக்காது.

பள்ளிக்கு வராத மாணவர்களிடம் எப்படி விடைபெறுவது?

ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் நீண்ட நாளாக வகுப்புக்கு வராத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். சிலர் தனி அறைக்கு மட்டும் வந்து போவார்கள். விழா நாளில் இவர்கள் யார் கண்ணிலும் பட மாட்டார்கள். ஒரு அட்டை எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போகும்போது சேர்த்துவிடுவார். "ஏன் வரவில்லை", "சீக்கிரம் வா" என்றெல்லாம் எழுத வேண்டாம். அவர்கள் வரைந்த படம், விரும்பும் விளையாட்டு, எப்போதோ பேசிய ஒரு பேச்சு, அதைப் பற்றி இரண்டு வரி போதும்.

சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் இருப்பவர்களுக்கும் தனியாக நேரம் கேளுங்கள். நெரிசலான ஜிம்மில் அவர்களால் உங்களிடம் வர முடியாமல் போகலாம்.

ஆசிரியர் அறைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

தனித்தனியாகப் பொட்டலம் கட்டிய இனிப்பு. மேசைக்கு ஒன்றாக வைக்க வேண்டும். ஜூலை வெயிலில் சாக்லேட் உருகிவிடும், பிஸ்கட் வகை நல்லது. எண்ணும்போது ஆசிரியர்களோடு நிறுத்திவிடாதீர்கள்; அலுவலக எழுத்தர், நூலகர், சுகாதார ஆசிரியர், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் யோமுயின், சமையலறையில் இருப்பவர்கள் என்று எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனிக்காலக் காலையில் உங்களுக்கு முன்பே வந்து அறையைச் சூடாக்கும் ஸ்டவ்வைப் பற்றவைத்தவர் யார் என்று யோசித்தால் பட்டியல் தானாக வரும்.

பிரிவு விருந்துக்கு நானும் பணம் கட்ட வேண்டுமா?

சோபெட்சுகாய் என்ற அந்த விருந்தில் போகிறவரை விருந்தாளியாகவே வைப்பார்கள், பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள். அங்கேயும் ஒரு சிறு உரை உண்டு. மது வேண்டாம் என்றால் ஊலாங் தேநீர் கேளுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். சைவம் என்றால் ஏற்பாடு செய்பவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் சொன்னால் அவருக்குத் தர்மசங்கடம்.

மாணவர்களோடு தொடர்பில் இருக்கலாமா? படங்களைப் போடலாமா?

லைன், இன்ஸ்டாகிராம் கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். பல கல்வி வாரியங்கள் இதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. தடை இல்லாத இடத்திலும் இது சரியல்ல என்பதே என் கருத்து. பள்ளி முகவரிக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். படம் எடுக்கப் பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை இணையத்தில் போடவே வேண்டாம்.

அடுத்து வரும் ஆசிரியருக்கு என்ன விட்டுச்செல்வது?

ஒரு கோப்பு. பள்ளிக்கு எந்த வழி, எந்தக் காலணிப் பெட்டி, எந்த ஆசிரியர் எப்படி வகுப்பெடுக்க விரும்புவார், குப்பையை எந்தக் கிழமை எங்கே வைப்பது, பக்கத்தில் எந்தக் கடையில் பருப்பு கிடைக்கும். பாடத் தாள்களைத் தேதி வாரியாக அல்லாமல் வகுப்பு வாரியாக அடுக்குங்கள். எந்த மாணவர் குறும்பு என்று எழுதி வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் புதியவர் முன்னால் புதிதாகத் தொடங்கும் உரிமை உண்டு.

நகராட்சி அலுவலகத்தில் என்ன செய்ய வேண்டும்?

கிளம்புவதற்கு முந்தைய 14 நாளுக்குள் வெளிநாடு போவதாக இடப்பெயர்வு அறிவிப்பு கொடுக்க வேண்டும். தென்ஷுட்சு தொதொகே என்று கேளுங்கள். மை நம்பர் என்ற தனிநபர் அடையாள எண் அட்டையையும் கொண்டுபோங்கள், எண்ணைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வசிப்பு அட்டை கடைசிவரை உங்களிடமே இருக்கும். விமான நிலையக் குடிவரவில், திரும்பி வரப்போவதில்லை என்று சொன்னால் அதில் ஓட்டை போட்டுவிடுவார்கள். தற்காலிகப் பயணம் என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்யாதீர்கள்.

பென்ஷன் பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

எல்லோரும் அதிகம் கேட்பது இதைத்தான், தொகையும் பெரியது. குறைந்தது ஆறு மாதம் பங்களிப்பு கட்டி, பத்து ஆண்டு முடிக்காமல் நாட்டை விட்டுப் போகிறவர்கள் தத்தாய் இச்சிஜிகின் என்ற ஒருமுறைத் தொகையைக் கேட்கலாம். ஜப்பானில் முகவரி இல்லாமல் போன நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கணக்கு இப்படி. உங்கள் சராசரி மாதச் சம்பளத்தை, எத்தனை மாதம் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்த ஒரு எண்ணால் பெருக்குவார்கள். 36 மாதத்துக்கு அது 3.3. ஐந்து ஆண்டு, அதாவது 60 மாதத்துக்கு 5.5. சராசரி 3,00,000 யென் என்று வைத்தால் ஐந்து ஆண்டுக்கு 16,50,000 யென் வரும். அதில் 20.42 சதவீதம், 3,36,930 யென், வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்கள்.

பிடித்த வரியையும் திரும்பக் கேட்க முடியும். அதற்கு ஜப்பானில் வசிக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்து, கிளம்பும் முன்பே வரி அலுவலகத்தில் படிவம் கொடுத்துவிட வேண்டும். நம்பகமான நண்பர் போதும், வரி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பென்ஷன் பணம் வரும்போது தபாலில் வரும் தீர்மான அறிவிப்பின் அசலை அவருக்கு அனுப்பினால், அவர் உங்கள் சார்பில் கணக்குத் தாக்கல் செய்வார். ஐந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது.

இந்தியர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்தியா, ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்து ஓய்வூதியத் தகுதிக்குக் கணக்கிடலாம். ஒருமுறைத் தொகையை வாங்கிவிட்டால் அந்த ஜப்பான் காலம் கணக்கில் சேராது. மூன்று ஆண்டு வேலை பார்த்து ஊருக்கு வரும் இளையவர்களில் பெரும்பாலோர் தொகையை வாங்குவதே வழக்கம். மறுபடி ஜப்பானுக்குப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

குடியிருப்பு வரி என்று பெரிய தொகை கேட்கிறார்களே?

அது கடந்த ஆண்டு வருமானத்துக்கான வரி, ஏறக்குறைய பத்து சதவீதம். ஜனவரி 1 அன்று ஜப்பானில் வசித்தவர்கள் கட்ட வேண்டும். ஜூன் முதல் அடுத்த மே வரை மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஜூலையில் கிளம்பினால் மீதி பத்து மாதத் தொகையைக் கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கலாம், அல்லது நகராட்சியில் கட்டச் சொல்லலாம். மார்ச்சில் கிளம்புகிறவர்களுக்குப் புதிய பில் ஜூனில், நீங்கள் போன பிறகு வரும். அதற்கு நகராட்சியிலும் ஒரு பிரதிநிதியைப் பதிய வேண்டும். எப்படியானாலும் வசந்தத்திலிருந்தே இதற்கென்று பணம் ஒதுக்கி வையுங்கள்.

வீடு, சாமான், கார்?

வாடகை வீட்டுக்குப் பொதுவாக ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்து வருபவர் அதே வீட்டுக்கு வந்தால் சாமான் பிரச்சினை பாதி தீரும். ஆனால் உடைந்ததையும் ஓடாததையும் அவர் தலையில் கட்டாதீர்கள். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கையும் குப்பையில் போட முடியாது. மறுசுழற்சிக் கட்டணம் கட்டித்தான் அகற்ற வேண்டும். பெரிய சாமான்களுக்கு நகராட்சி ஸ்டிக்கர் வாங்கித் தேதி பதிய வேண்டும். மாதக் கடைசியில் தேதி கிடைக்காது, ஜூனிலேயே போன் பண்ணுங்கள்.

காரை விற்றால் பெயர் மாற்றத்தை நீங்கள் இருக்கும்போதே முடியுங்கள். ஏப்ரல் 1 அன்று யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரி வரும்.

வங்கிக் கணக்கையும் போனையும் எப்போது மூடுவது?

போன் கடைசி நாள். வங்கி, கடைசிச் சம்பளமும் கரண்ட், கேஸ், தண்ணீர் பில்லும் முடிந்த பிறகு. கணக்கை நண்பருக்குக் கொடுத்துவிட்டுப் போவது குற்றம், யார் கேட்டாலும் செய்யாதீர்கள்.

திரும்பும் விமானச் சீட்டு யார் செலவு?

ஜெட் ஒப்பந்தத்தை முழுதாக முடித்து, ஒரு மாதத்துக்குள் ஜப்பானை விட்டுக் கிளம்பினால், இடையில் அங்கே வேறு வேலையிலும் சேராவிட்டால், வேலை கொடுத்தவர்களே ஏற்பாடு செய்வார்கள். ஏஜென்சி ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் இது கிடையாது.

என்ன சான்றிதழ்கள் வாங்க வேண்டும்?

பணிச் சான்றிதழ், அந்த ஆண்டின் வரிப் பிடித்தச் சீட்டு, முதல்வரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு பரிந்துரைக் கடிதம். வேறு நாட்டில் ஆசிரியராகப் போகும் எண்ணம் இருந்தால் மாகாணக் காவல் தலைமையகத்தில் குற்றப் பதிவுச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். நேரில் கைரேகை கொடுக்க வேண்டும், ஊருக்கு வந்த பிறகு இதைச் செய்வது பெரும்பாடு. முத்திரையிட்ட உறையில் தருவார்கள், அதைப் பிரிக்கக் கூடாது.

ஊருக்கு வந்த பிறகு பள்ளியோடு எப்படித் தொடர்பு வைப்பது?

போய்ச் சேர்ந்ததும் முதல்வர் பெயருக்கு ஒரு கடிதம், ஆசிரியர் அறைக்கு ஒரு புத்தாண்டு வாழ்த்து அட்டை. ஏப்ரலில் ஆசிரியர்கள் மாறிவிடுவார்கள் என்பதால் மார்ச்சுக்கு முன் எழுதினால்தான் உங்களுக்குத் தெரிந்தவர்கள் கையில் அது போய்ச் சேரும்.

நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் விட்டுவந்த மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அடுத்த மார்ச்சில் அந்தப் பள்ளியை முடித்து வெளியேறுவார்கள். பட்டமளிப்பு நாளில் வெளியிலிருந்து வரும் வாழ்த்துகளைப் படிப்பார்கள், அல்லது சுவரில் ஒட்டுவார்கள். பிப்ரவரி முடிவதற்குள் துணை முதல்வருக்கு மின்னஞ்சலில் அரைப் பக்கம் வாழ்த்து அனுப்புங்கள். எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், வகுப்பு எண்களைக் குறிப்பிடுங்கள், பெரிய எழுத்தில் அச்சிடும்படி வடிவமைத்து அனுப்பினால் அவருக்கு வேலை மிச்சம்.